கதிரியக்க அயோடினுக்குப் பிறகு ரத்தத்தில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தைராய்டு புற்றுநோய் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியதும் அதைத் தொடர்ந்து நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே பயம்தான். ரேடியோ அயோடின் மருந்து ரத்த அணுக்களின் டிஎன்ஏவை உடைக்கிறதாமே, அது உண்மையா, உடைந்தது ஒட்டுமா, பிற்காலத்தில் வேறு புற்றுநோயாக வந்து நிற்குமா என்பதுதான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன். சிகிச்சை எடுத்துக்கொண்டு தனி அறையில் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு இதைத் தேடிப் படித்தால் என்ன மனநிலைக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 100 மில்லிகியூரி ரேடியோ அயோடின் கொடுத்திருக்கிறார்கள். அது தைராய்டு செல்களை மட்டும் தேடிப்போய் அழிக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் ரத்த அணுக்களில் டிஎன்ஏ உடைகிறது என்று ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எது உண்மை?

இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே அளவில் நடப்பதில்லை.

அயோடினைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் தைராய்டு செல்களின் சவ்வில் இருக்கிறது. சோடியம் அயோடைடு சிம்போர்ட்டர் என்று பெயர். தைராய்டிலிருந்து கிளம்பிய புற்றுநோய் செல்களிலும் பல சமயம் அது மிச்சமிருக்கும், கழுத்தை விட்டு நுரையீரலுக்கே போயிருந்தாலும்கூட. இந்த ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதலில் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாளிகளுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். 1946இல் சாமுவேல் சைட்லின் குழுவினர் பரவிய தைராய்டு புற்றுநோய்க்கு அதைக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். இன்றுவரை புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு குறிபார்த்துப் போகிற மருந்துகள் குறைவு.

ஆனாலும் விழுங்கிய மருந்து கழுத்துக்கு நேராகப் போய்விடாதே. வயிற்றிலிருந்து ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கொஞ்சம் தைராய்டு செல்களில் மாட்டிக்கொண்டு, மிச்சம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். ஆபரேஷனில் சுரப்பியை எடுத்துவிட்டவர்களுக்கு பெரும் பகுதி முதல் இரண்டு நாட்களுக்குள் சிறுநீரில் போய்விடும். அதுவரை ரத்தத்தில் ஓடுகிற அயோடின்-131, அதாவது இந்தக் கதிரியக்க அயோடின், சும்மா இருப்பதில்லை. அது வெளிவிடும் பீட்டா துகள் திசுவுக்குள் சராசரியாக அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் பாயும், அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் சொச்சம், ஆனால் அதே ரத்தத்தில் பக்கத்தில் மிதக்கிற வெள்ளையணுவுக்கு அந்தத் தூரம் போதும். அதோடு காமா கதிரும் வருகிறது. அது உடம்பின் எந்த மூலையிலிருந்தும் ரத்தத்தை எட்டும்.

அளவு எவ்வளவு என்பதுதான் முக்கியம். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த 100 மில்லிகியூரி, அதாவது 3.7 கிகாபெக்கரல், ரத்தத்துக்குத் தருவது பொதுவாக 0.3 முதல் 0.6 கிரே வரை இருக்கும். மில்லிகியூரியும் கிகாபெக்கரலும் மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள், கிரே என்பது உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரை அளக்கும் அலகு. அதே மருந்து ஆபரேஷனுக்குப் பின் எஞ்சிய தைராய்டு திசுவுக்கு நூற்றுக்கணக்கான கிரே தரலாம். நோய் செல்லுக்கும் ரத்த அணுவுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் இந்தச் சிகிச்சை முக்கால் நூற்றாண்டைத் தாண்டியும் நிற்கிறது. நீங்கள் படித்த கட்டுரை அநேகமாக உடைவைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டிருக்கும்.

கேள்வி: ஒரு ரத்த அணுவுக்குள் டிஎன்ஏ உடைந்திருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? கண்ணால் பார்க்க முடியுமா?

உடைவை நேரடியாகப் பார்ப்பதில்லை, உடைந்த இடத்தில் செல் வைக்கிற அடையாளத்தைப் பார்க்கிறார்கள். இதில் எனக்கே தனி ஈடுபாடு உண்டு, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் பள்ளம் விழுந்தால் யாராவது ஒருவர் மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவைப்பார், தூரத்தில் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. செல்லும் அதைத்தான் செய்கிறது. டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும். அந்த ஹிஸ்டோன்களில் ஒரு வகை எச்2ஏஎக்ஸ். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால், ஏடிஎம் என்ற நொதி அதை உணர்ந்து, உடைவின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கான எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) நீளத்துக்கு இந்த எச்2ஏஎக்ஸ் மீது பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அப்படிக் குறி ஒட்டப்பட்டதைக் காமா-எச்2ஏஎக்ஸ் என்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் வில்லியம் பானரின் ஆய்வுக்கூடத்தில் இது கண்டறியப்பட்டது. அந்தக் குறியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடியை ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் உட்கருவில் புள்ளி புள்ளியாக மின்னும். ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஓர் இரட்டை இழை உடைவு. 53பிபி1 என்ற இன்னொரு புரதமும் அதே இடத்தில் வந்து கூடும். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற புள்ளிகளை மட்டும் எண்ணினால் தவறு குறையும்.

ரேடியோ அயோடின் எடுத்துக்கொண்டவர்களிடம் மணிக்கணக்கிலும் பிறகு நாள் கணக்கிலும் ரத்தம் எடுத்து இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மருந்து உள்ளே போன முதல் சில மணி நேரங்களில் புள்ளிகள் ஏறுகின்றன, ரத்தத்துக்குப் போன கதிரியக்க அளவு ஏற ஏற அதற்கு நேர் விகிதத்தில். அப்புறம் மருந்து இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிடுகிறது. சில நாட்களில் சிகிச்சைக்கு முன்பிருந்த நிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. உச்சத்தில்கூட சராசரியாக ஓர் அணுவுக்கு ஒரு புள்ளிக்கு மேல் கூடுவது அரிது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புள்ளி மின்னுகிறது என்றால் பழுது கண்டுபிடிக்கப்பட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இணையத்தில் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த படத்தைப் போட்டு "கதிரியக்கம் செய்த நாசம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது அந்த செல்லின் பழுதுபார்க்கும் ஏற்பாடு ஒழுங்காக இயங்குகிறது என்பதற்கான ஆதாரமும்கூட. குறியே வைக்கத் தெரியாத செல்லைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: உடைந்த டிஎன்ஏ எப்படி ஒட்டுகிறது? பழையபடியே ஒட்டுமா, இல்லை ஒட்டுப்போட்ட மாதிரி ஏதாவது மிச்சம் இருக்குமா?

நல்ல கேள்வி. பதில், எந்த வகை உடைவு என்பதைப் பொறுத்தது.

முதலில், கதிரியக்கம் இல்லாமலேயே உங்கள் ஒவ்வொரு செல்லிலும் தினமும் பல்லாயிரம் டிஎன்ஏ பழுதுகள் விழுகின்றன. உடம்பின் சூடு, தண்ணீர், செல் சுவாசத்தில் பிறக்கும் ஆக்ஸிஜன் கழிவுகள் எல்லாமே காரணம். இவற்றில் பெரும்பாலானவை ஒரே இழையில் ஓர் எழுத்து கெடுவதோ, ஓர் இழை மட்டும் அறுவதோதான். எதிர் இழை முழுசாக இருப்பதால் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு சரி செய்துவிடும். இந்த மாதிரிப் பழுதுபார்ப்புகளின் நுட்பத்தை விளக்கியதற்காகத்தான் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சான்ஜார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கதிரியக்கம் ஏற்படுத்துவதிலும் பெரும்பகுதி இந்த எளிய வகைதான். 1 கிரே ஒரு செல்லில் விழுந்தால் ஒற்றை இழை உடைவுகள் ஏறக்குறைய ஆயிரம், இரட்டை இழை உடைவுகள் 20 முதல் 40. அந்தச் சிறிய எண்ணிக்கைதான் தொல்லை பிடித்தது, ஏனென்றால் பார்த்து எழுத எதிர் இழையும் அங்கே இல்லை.

அதற்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. செல் பிரிவதற்காகத் தன் டிஎன்ஏவைப் படியெடுத்து வைத்திருக்கும் நேரமாக இருந்தால், அந்தப் படியைப் பார்த்துத் துல்லியமாகச் சரிசெய்ய முடியும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தப் புரதங்கள் உழைப்பது இங்கேதான். ஆனால் ரத்தத்தில் சுற்றுகிற லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஓய்வு நிலையில் இருப்பவை. அவற்றிடம் படி கிடையாது. எனவே இரண்டாவது வழி. கேயூ70, கேயூ80 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து வளையம் போல அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்ளும், மற்றவை வந்து முனைகளைச் சீவிச் சமப்படுத்தும், கடைசியில் லைகேஸ்-4 என்ற நொதி இரண்டையும் இணைக்கும். வேகமான வேலை. எளிய உடைவு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், சிக்கலானவற்றுக்கு மணிக்கணக்கில் ஆகும். சீவும்போது ஒன்றிரண்டு எழுத்துகள் போய்விடலாம். ஆகவே மிச்சம் இருக்குமா என்றால், சில இடங்களில் இருக்கும். நம் டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அந்தத் தழும்புகளில் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாமல் கிடந்துவிடும்.

ரேடியோ அயோடின் விஷயத்தில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. எக்ஸ்ரே கருவியில் ஒரே நிமிடத்தில் அரை கிரே கொடுப்பதும், அதே அரை கிரே மூன்று நான்கு நாட்களில் மெதுவாகச் சேர்வதும் ஒன்றல்ல. குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் கட்டுகள், தப்பாக ஒட்டிக்கொள்வதற்கு, இரண்டு வேறு குரோமோசோம்களில் ஒரே சமயத்தில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு உடைவுகள் திறந்து கிடக்க வேண்டும். மெதுவாக வரும்போது முதல் உடைவு ஒட்டி முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தது விழுகிறது. தவறான முனையோடு சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகிறது.

கேள்வி: நான் சிகிச்சை எடுத்த இடத்தில் ஓர் ஆய்வுக்காக ரத்தம் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு பேசும்போது "சில செல்களில் டைசென்ட்ரிக் குரோமோசோம் தெரிகிறது, மைக்ரோநியூக்ளியஸும் கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றார்கள். இதற்குச் சிகிச்சை உண்டா? ரத்தப் புற்றுநோய் வருமா?

உங்களிடம் இதைச் சொன்னவர்கள் உட்கார்ந்து விளக்கியும் இருக்க வேண்டும். விளக்காமல் இந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் ஒருவர் காதில் போட்டுவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, தவறான முனைகள் ஒட்டிக்கொண்டு, இரண்டு மையம் உள்ள ஒரே குரோமோசோம் ஆகிவிட்டால் அது டைசென்ட்ரிக். கதிரியக்கத்துக்கே உரிய கைரேகை என்று சொல்லலாம், அவ்வளவு குறிப்பானது. சிகிச்சையே எடுக்காத ஆரோக்கியமானவர்களிடமும் ஆயிரம் லிம்போசைட்டில் ஒன்று என்ற அளவில் தென்படும். மைக்ரோநியூக்ளியஸ் என்பது செல் பிரியும்போது உட்கருவுக்குள் போய்ச் சேராமல் வெளியே தனித்து நின்றுவிட்ட குரோமோசோம் துண்டு. இது வயது ஏற ஏற எல்லோரிடமும் கூடும், பெண்களிடம் இன்னும் கொஞ்சம் அதிகம். ரேடியோ அயோடினுக்குப் பிறகு இரண்டும் கூடுவது எதிர்பார்த்ததுதான். புள்ளிகள் நாட்களில் மறைந்துவிடும் என்றேன், ஆனால் இவை மாதக்கணக்கில், சில வருடங்கள்கூட ரத்தத்தில் தெரியும். காரணம், சில வகை லிம்போசைட்டுகள் பிரியாமலேயே வருடக்கணக்கில் வாழும். அவை சாகும்வரை அந்த அடையாளமும் இருக்கும்.

இரண்டு மையம் உள்ள குரோமோசோமோடு ஒரு செல் பிரிய முயன்றால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும், ஏனென்றால் அந்தக் குரோமோசோம் இரண்டு பக்கமும் இழுபட்டு அறுந்துபோகும். புற்றுநோய் ஆவதற்கு செல் உயிரோடு இருந்து பெருக வேண்டும், இந்த செல்லால் அது முடிவதில்லை. மேலும் ரத்தப் புற்றுநோயான லுகேமியா பொதுவாகக் கிளம்புவது எலும்பு மஜ்ஜையில் உள்ள தாய் செல்களிலிருந்து. ரத்தத்தில் சுற்றும் முதிர்ந்த லிம்போசைட்டில் பார்த்தது, மஜ்ஜைக்கும் இவ்வளவு கதிரியக்கம் போயிருக்கும் என்று ஊகிக்க உதவும் ஒரு அளவுகோல், அவ்வளவே. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை வைத்து உங்களுக்கு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கென்று தனிச் சிகிச்சையும் இல்லை, தேவையும் இல்லை.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது, சிறியது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன் நோயாளிகள் ஏறக்குறைய 6,800 பேரைச் சேர்த்துப் பார்த்து 2003இல் வெளியான கணக்கு இப்படிச் சொல்கிறது: 10,000 பேருக்கு 3.7 கிகாபெக்கரல் வீதம் கொடுத்தால், அடுத்த பத்து வருடங்களில் கூடுதலாக வரக்கூடிய லுகேமியா 3, மற்ற திடப் புற்றுநோய்கள் 53. மொத்த அளவு கூடக் கூட இதுவும் கூடும். இதை மறைத்து யாருக்கும் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் நோய் பரவியிருக்கும் ஒருவருக்கு இந்தச் சிகிச்சையை மறுத்தால் வரும் ஆபத்தோடு வைத்துப் பார்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கேள்வி: சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுவும் தட்டணுவும் குறைந்திருக்கின்றன. மருந்துதான் உடம்பைவிட்டுப் போய்விட்டதே, இப்போது ஏன்?

இப்போது குறைவதுதான் வழக்கம். ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த தட்டணுக்கள் அன்றே சாகவில்லை. தட்டணுவுக்கும் முதிர்ந்த சிவப்பணுவுக்கும் உட்கருவே கிடையாது, உடைய டிஎன்ஏவும் அங்கே இல்லை. அடிபட்டது மஜ்ஜையில் அவற்றைத் தயாரிக்கும் இளம் செல்கள். இருந்த சரக்கு தீர்ந்து புதுச் சரக்கு குறைவாக வரும்போது எண்ணிக்கை இறங்குகிறது. அந்த அடிமட்டம் நாலிலிருந்து ஆறு வாரங்களில் வரும். அதன் பிறகு மஜ்ஜை தேறிக்கொண்டு, பொதுவாக மூன்று மாதங்களுக்குள் பழைய நிலைக்கு வரும். லிம்போசைட் மட்டும் முன்னதாகவே குறையும், ஏனென்றால் ரத்த அணுக்களிலேயே கதிரியக்கத்துக்கு மிகவும் பலவீனமானது அதுதான், பழுது அதிகம் என்று தெரிந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத நீலத் திட்டுகள் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் அவர் சொன்ன நாளில் பரிசோதனையை மறுபடி எடுங்கள், போதும்.

கேள்வி: கணவருக்கு நுரையீரலில் பரவியிருப்பதால் மறுபடியும் டோஸ் என்கிறார்கள். தங்கைக்கோ கட்டி மிகச் சிறியது, ஆனாலும் "எதற்கும் ஒரு தடவை கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். டிஎன்ஏ சேதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? இருவருமே எடுத்துக்கொள்ளலாமா?

இன்று வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். ஒரே மருந்து, ஒரே மாதிரி உடைவு, ஆனால் இரண்டு பேருக்கும் பதில் வேறு.

உங்கள் கணவருக்கு, நுரையீரலில் உள்ள நோய் அயோடினைப் பிடிக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால், மறுபடி எடுப்பதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. பாதுகாப்பு எல்லைகளை 1962லேயே பெனுவாவும் சக ஆய்வாளர்களும் வகுத்துவிட்டார்கள். ரத்தத்துக்குப் போவது 2 கிரேயைத் தாண்டக் கூடாது, 48 மணி நேரம் கழித்து உடம்பில் மிஞ்சியிருப்பது 120 மில்லிகியூரிக்குள் இருக்க வேண்டும், நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தால் 80க்குள். இவை இன்றும் பயன்படுகின்றன. நியூக்ளியர் மெடிசின் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். போன டோஸில் நோய் குறைந்ததா? இதுவரை மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கிறது? ரத்த எண்ணிக்கை முழுசாகத் தேறிவிட்டதா? நோய் அயோடினைப் பிடிக்காமல் போய்விட்டது என்று தெரிந்தும் டோஸ் மட்டும் தொடர்ந்தால், அப்போது ரத்தமும் மஜ்ஜையும் கொடுக்கிற விலைக்கு எதிரில் பலன் ஒன்றும் இருக்காது. மொத்த அளவு 600 மில்லிகியூரியை நெருங்கும்போது பல டாக்டர்கள் நின்று யோசிப்பார்கள், யோசிக்கத்தான் வேண்டும்.

தங்கை விஷயத்தில் "எதற்கும் ஒரு தடவை" என்ற காரணம் எனக்குப் போதவில்லை. 2012இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்தன. குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு மிஞ்சிய தைராய்டு திசுவை அழிக்க 30 மில்லிகியூரி கொடுத்தாலும் 100 கொடுத்தாலும் பலன் ஒன்றேதான் என்று இரண்டும் காட்டின. பத்து வருடம் கழித்து, 2022இல், பிரெஞ்சுக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், கட்டி சிறியதாகவும் நிணநீர்க் கணுவில் பரவாமலும் உள்ளவர்களுக்கு ரேடியோ அயோடினே கொடுக்காமல் கண்காணித்தாலும் மூன்று வருடத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டது. ஆகவே தங்கையின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், நான் எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறேன், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், கொடுத்தே ஆகவேண்டும் என்றால் 30 போதாதா என்று நேராகவே கேட்கச் சொல்லுங்கள். டாக்டரை எதிர்ப்பதாக ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். தங்கையின் ரத்தம், தங்கை கேட்க வேண்டிய கேள்வி. பழுதுபார்க்கும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், விழத் தேவையே இல்லாத உடைவை விழவைக்காமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு.

இன்னொன்று. டோஸுக்கு முன், தைராய்டு செல்களை அயோடின் பிடிக்கத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. தைராக்ஸின் மாத்திரையை வாரக்கணக்கில் நிறுத்துவது ஒன்று, ஊசி மூலம் டிஎஸ்எச் கொடுப்பது இன்னொன்று. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு முழுக்க மந்தமாகும், சிறுநீரகமும் மெதுவாகும், அயோடின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஊசி முறையில் ரத்தத்துக்குப் போகும் கதிரியக்கம் கணிசமாகக் குறைகிறது. எல்லோருக்கும் ஊசி ஒத்துவராது, கிடைக்கவும் கிடைக்காது. கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிஎன்ஏவைச் சரிசெய்யும் என்று விளம்பரம் செய்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள், மூலிகைப் பொடிகள் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவற்றை வைத்து சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, ஆய்வுக்கூட அளவுகளில் சில மாற்றங்களும் தெரிந்திருக்கின்றன, ஆனால் நோயாளிக்குப் பிற்காலத்தில் நன்மை என்று யாரும் நிரூபித்ததில்லை. சிகிச்சைக்கு முன்னால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் சில பொடிகளிலும், கடல்பாசி கலந்த மாத்திரைகளிலும், சில மல்டிவைட்டமின்களிலும் சாதாரண அயோடின் இருக்கும். அது முன்கூட்டியே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மருந்து அயோடினுக்குப் போக இடமில்லை, ரத்தத்தில் சுற்றியதுதான் மிச்சம்.

உண்மையிலேயே ரத்தத்துக்குப் போகும் அளவைக் குறைக்க உங்களால் முடிந்தது தண்ணீர். டாக்டர் தடை சொல்லவில்லை என்றால் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள், இரவில் எழுந்தாவது போங்கள், மலச்சிக்கல் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது, இன்னும் குழந்தை இல்லை. இந்த டிஎன்ஏ உடைவு குழந்தைக்குப் போகுமா?

ரத்த அணுவில் விழுந்த உடைவு குழந்தைக்குப் போகாது. குழந்தைக்குப் போவது கருமுட்டையிலும் விந்தணுவிலும் உள்ள டிஎன்ஏ மட்டுமே. கருப்பைக்கும் சினைப்பைக்கும் அருகில் சிறுநீர்ப்பை இருப்பதால் அங்கேயும் கொஞ்சம் கதிர் படும், அதனால்தான் பெண்களை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள், ஆண்களை மூன்று நான்கு மாதங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. காத்திருக்கும் காலத்தில் உங்கள் தைராய்டு ஹார்மோன் அளவும் நிலைப்படும், கர்ப்பத்துக்கு அதுவும் மிக அவசியம். இப்போது கர்ப்பமாக இருக்கலாம் என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் மருந்தைத் தொடவே கூடாது.

கேள்வி: மனைவிக்கு இந்த மருந்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கூட இருக்கும் என் ரத்தத்திலும் டிஎன்ஏ உடையுமா?

நீங்கள் வாங்குவது காமா கதிர் மட்டும், அதுவும் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். சொன்ன நாட்கள் வரை தனிப் படுக்கை, ஓரிரு மீட்டர் இடைவெளி என்று இருந்தால், கூட இருப்பவர்களுக்கு மொத்தமே சில மில்லிசீவெர்ட்டுக்குள் (கதிர் உடம்பைப் பாதிக்கும் அளவைக் கணக்கிடும் அலகு), பெரும்பாலும் அதற்கும் கீழே நின்றுவிடும். இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவர் வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் வாங்குகிறார். பயந்துகொண்டு அவரிடம் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுங்கள். சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மட்டும் கண்டிப்பாகத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் உடம்பில் பழுதுபார்க்கும் திறன் எப்படி என்று சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா? அந்தக் காமா-எச்2ஏஎக்ஸ் பரிசோதனையைத் தனியாகக் காசு கொடுத்து எடுக்கலாமா?

ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பது நிஜம்தான். ஏடிஎம் நொதியே பிறவியிலிருந்து இல்லாத அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அரிய நோய் உள்ளவர்களுக்குக் கதிரியக்கம் மிகக் கடுமையாகப் பாதிக்கும், அது பொதுவாகச் சிறுவயதிலேயே நடை தள்ளாட்டத்தில் தெரிந்துவிடும். குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மற்றபடி நம் எல்லோருக்கும் இடையிலான சிறு வித்தியாசங்களை வைத்து டோஸை மாற்றும் நிலைக்கு இந்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. ரத்தம் எடுத்த நேரம் கொஞ்சம் தள்ளிப்போனாலே எண்ணிக்கை மாறிவிடும், ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எண்ணும் முறையும் வேறு. ஆய்வு நடத்துகிறவர்கள் கேட்டால் தாராளமாக ரத்தம் கொடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு டோஸைச் சரியாகக் கணிக்க அது உதவும். உங்களுக்காகக் காசு செலவழித்து எடுக்க வேண்டியதில்லை. சாதாரண ரத்த அணு எண்ணிக்கை, டிஎஸ்எச், தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்), கழுத்து ஸ்கேன், இவற்றை டாக்டர் சொன்ன தேதியில் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளையும் இதுவரை வாங்கிய மொத்த மில்லிகியூரி கணக்கையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். ஆஸ்பத்திரி மாறினாலும் அந்தக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.